மண்ணெண்ணெய்க் காது

உடைந்த எஞ்சினைத் திறந்து பார்ப்பதைப் போல எனக்குப் பிடித்த வேலை வேறு இல்லை. நன்றாக ஓடுகிற எஞ்சினில் பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். உடைந்ததைத் திறக்கும்போதுதான் ஒவ்வொரு போல்ட்டுக்குப் பிறகும் என்ன வரப்போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். "வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கும்போதாவது முகத்தைக் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொள்" என்று முதலாளி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் நோர்வேக்காரர். பகிடியையும் கோபத்தையும் ஒரே குரலில் சொல்பவர். அதில் எது பகிடி, எது கோபம் என்று நான் ஓய்வுபெறும்வரை எனக்குப் பிடிபடவில்லை.

போன மாதம் கராஜுக்குக் கோப்பி குடிக்க வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, சூப்பர்சார்ஜர் பூட்டிய பந்தய எஞ்சின் கட்டுவதில் எது கடினம் என்று கேட்டீர்கள். நான் வாஃபலை வாயில் அடைத்துக்கொண்டு நழுவிவிட்டேன். வாய் நிறைய வாஃபல் இருந்தது மட்டும் காரணமில்லை. அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரேயொரு உண்மையான பதில்தான் உண்டு, அதைச் சொன்னால் என் மானம் போகும். இப்போது வீட்டில் இருந்து எழுதுகிறேன், போனால் போகட்டும். தமிழ் வாசிக்கத் தடுமாறுகிறவர்களுக்கு அம்மாமார் வாசித்துக் காட்டட்டும்.

இடைவெளி எத்தனை, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அதை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள். சாதாரண எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் அப்படி விடாது. அது எஞ்சினின் பெல்ட்டிலேயே சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும். காற்றுக் கூடினால் எரிபொருளும் கூட்டலாம், பலமும் கூடும், சூடும் கூடும். சாதாரண எஞ்சின் சின்னப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது.

ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் கராஜ் சொந்தமாக ஒரு பந்தய அணி வைத்திருந்தது. ஒரு கார், ஒரு ஓட்டுநர். ஓட்டுநர் மயூரி. புருசெத் பகுதியில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி வளர்ந்த பிள்ளை. வாரநாட்களில் ஒஸ்லோவின் சுரங்க ரயில் ஓட்டுவாள், விடுமுறை நாட்களை எல்லாம் சேர்த்துவைத்துப் பந்தயத்துக்கு வருவாள். "ரயிலிலை ஸ்டியரிங் இல்லை மாமா, அந்தக் கவலையைத் தீர்க்கத்தான் இஞ்சை வாறன்" என்பாள். வளைவுக்குள் காரைக் கொண்டுபோகும்போது அவளிடம் ஒரு அமைதி இருந்தது. அதைப் பார்த்துத்தான் முதலாளி அவளுக்கு அந்த ஆசனத்தைக் கொடுத்தார். ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுத்தார். அந்த வருடம் முடிவதற்குள் தன் வேகத்தைக் காட்டினால்தான் அடுத்த வருடமும் அவளுக்கு.

எஞ்சின் கட்டியது நான். கணினியில் எஞ்சினுக்குரிய கணக்குகளைப் போட்டுச் சரிபார்த்தது கார்த்தி, கோயம்புத்தூரிலிருந்து வந்த பொறியாளர். அவர் தமிழும் என் தமிழும் ஒன்றையொன்று சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே பழகின. நான் "நொக்கிங்" என்றால் அவர் "நாக்கிங்" என்பார். எஞ்சினுக்குள் எரிபொருள் தன் முறை வருமுன்னே தானாகவே வெடிப்பதைத்தான் இரண்டு பேரும் சொன்னோம். பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிப்பது போன்ற விடயம் அது. அதைக் கண்டுபிடிக்க எஞ்சின் பக்கவாட்டில் ஒரு சென்சர் பூட்டியிருக்கும்.

முதல் எஞ்சினை டைனோவில், அதாவது காரைப் பூட்டிவைத்து ஓட்டிப் பலத்தை அளக்கும் இயந்திரத்தில், ஏற்றிய அன்றைக்கே கார்த்தி சொன்னார்.

"அண்ணா, நிமிசத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு சுத்துக்கு மேல சென்சர் ஏதோ கேக்குதுங்க. பிளக் பொறி விடற டைமிங்க கொஞ்சம் பின்னாடி எடுத்துரலாமா?"

"உது சூப்பர்சார்ஜரின்ரை பற்சில்லுச் சத்தம் தம்பி. சென்சருக்கு அது விளங்காது."

"அப்படியும் இருக்கலாம். ஆனா..."

"நான் காதாலை கேக்கிறன். எஞ்சின் நல்லாத்தான் பாடுது."

நான் சொன்னதில் நியாயமும் இருந்தது. சூப்பர்சார்ஜரின் பற்சில்லுகள், அதாவது பற்சக்கரங்கள், போடும் சத்தத்தை நொக்கிங் என்று சென்சர் தவறாக எடுப்பது வழமைதான். இருபது வருடம் இந்த நாட்டில் எஞ்சின் கட்டியிருக்கிறேன், என் காதை நம்பித்தான் முதலாளி என்னை வைத்திருந்தார், மற்ற கராஜ்காரர்கள்கூட "உங்கள் ஆளைக் கொஞ்சம் வந்து கேட்கச் சொல்லுங்கள்" என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெருமையில் எனக்குக் கால் நிலத்தில் இல்லை. கார்த்தி தோளைக் குலுக்கிவிட்டு, அந்த இடத்தில் சென்சர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கணினிக்குச் சொல்லிவிட்டார்.

மே மாதம் முதல் பந்தயம். ஒன்பதாவது ரவுண்டில் காரின் பின்னால் நீலப் புகை. மயூரி ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை எஞ்சினைத் திறந்தேன். வழக்கம்போல ஆவலோடுதான் திறந்தேன். மூன்றாவது பிஸ்டனில், ரிங் உட்காரும் விளிம்பு ஒரு விரல் நீளத்துக்கு உடைந்து போயிருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் ஊசிமுனை அளவில் பளபளவென்று சில புள்ளிகள். காரின் பதிவுகளைக் கார்த்தி எடுத்துத் தந்தார். ஏழாவது ரவுண்டில், கியரைக் குறைக்கும்போது, ஒரே ஒரு கணம், எஞ்சின் எட்டாயிரத்து முந்நூறு சுற்றுக்கு ஏறி இறங்கியிருந்தது. எங்கள் எல்லை ஏழாயிரத்து ஐந்நூறு.

எனக்கு அது போதுமாக இருந்தது. மயூரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பிள்ளை, இதிலை கியரை வேளைக்கே, வேகம் குறைய முன்னம் போட்டிட்டீர். அதுதான் பிஸ்டன் உடைஞ்சுபோச்சுது."

பதிவில் உச்சிக்கு ஏறியிருந்த கோட்டில் அவள் விரலை வைத்துப் பார்த்தாள். "ஓம் மாமா, என்ரை பிழைதான்" என்றாள்.

இந்த நாட்டு வேலையிடங்களில் 'ஆவ்விக்' என்று ஒரு படிவம் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஏதாவது பிழைத்துப்போனால் எழுதிவைக்க வேண்டும். யாரையும் தண்டிக்க அல்ல, மறுபடி நடக்காமல் பார்க்க. நல்ல வழக்கம். நான் அதில் காரணம் என்ற கட்டத்தில் 'ஓட்டுநரின் கியர்த் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி வாசித்தார், தலையாட்டினார், கோப்பில் வைத்தார். உங்களுக்கு நான் ஒன்று சொல்கிறேன். அந்தக் கட்டத்தில் முதலில் உங்கள் சொந்தப் பெயரைப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் பிறகு அழிக்கலாம். நான் செய்யாததை உங்களைச் செய்யச் சொல்கிறேன்.

இரண்டாவது எஞ்சின் ஜூன் கடைசியில் போனது. அதே மூன்றாவது பிஸ்டன், அதே விளிம்பு, பிளக்கில் அதே புள்ளிகள். ஆனால் இம்முறை பதிவில் ஒன்றும் இல்லை. மயூரி ஒருமுறைகூட எல்லையைத் தாண்டவில்லை. தாண்டுவது என்ன, அவள் ஆறாயிரத்து எண்ணூறிலேயே கியரை மாற்றத் தொடங்கியிருந்தாள். எஞ்சினை உடைத்த கை என்று தன்னை நினைத்துக்கொண்டு, பூனை போல ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு ரவுண்டிலும் ஒரு செக்கனுக்கு மேல் போய்விடும்.

இதிலே இன்னொரு சிக்கலும் இருந்தது. நாங்கள் ஓடிய பந்தயத் தொடரில் ஒரு பருவத்துக்கு ஒரு காருக்கு மூன்று எஞ்சின்கள்தான். இரண்டு போய்விட்டன. மூன்றாவதும் போனால் மயூரி பார்வையாளர் வரிசையில் உட்கார வேண்டியதுதான்.

ஜூலை முழுவதும் நான் துப்பறிந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அது சந்தோஷமான மாதம். முதலில் பிஸ்டன்களைச் சந்தேகப்பட்டேன். ஒரு பிஸ்டனை நடுவாக அறுத்துப் பார்த்தேன், உலோகத்தில் குறையில்லை. பிறகு எரிபொருளைச் சந்தேகப்பட்டேன். பிறகு குளிர்விக்கும் தண்ணீர் மூன்றாவது சிலிண்டருக்குச் சரியாகப் போகவில்லையோ என்று நிறச்சாயம் விட்டுப் பார்த்தேன். பிறகு ஒயில். மனைவி சாப்பாட்டு மேசையில் "உங்கடை மூண்டாம் நம்பர் எப்பிடி இருக்கிறார்?" என்று விசாரிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், என் தலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டியிருந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

ஓகஸ்ட் பந்தயம் சனிக்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை காலையில், மூன்றாவது எஞ்சினை டைனோவில் ஏற்றியபோது கார்த்தி கையில் ஒரு பெற்றோல் கானோடு வந்தார். சீக்கிரம் தானாக வெடிக்காத, விலைகூடிய பந்தய எரிபொருள் அது.

"அண்ணா, ஒரு சின்ன டெஸ்ட். நம்ம எரிபொருள்ல நாலு செகண்ட் ஓட்டுவோம். அப்புறம் இதுல நாலு செகண்ட். வேற எதையும் மாத்த வேணாம். சென்சர் கேக்கறது சூப்பர்சார்ஜர் சத்தம்னா, எரிபொருள மாத்தினாலும் அது அப்படியே இருக்கணும் இல்லைங்களா?"

"உது கடைசி எஞ்சின் தம்பி."

"நாலே நாலு செகண்டுங்க."

சோதனை அவ்வளவு எளிமையானது. ஒரு மாதமாகப் பிஸ்டனை அறுத்துக்கொண்டிருந்த எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. "ஓட்டு பாப்பம்" என்றேன்.

எஞ்சினில் ஒரு சின்ன மைக்கை இறுக்கி, இரண்டு ஓட்டத்தையும் அவர் பதிவுசெய்தார். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, என் தலையில் ஹெட்போனை மாட்டினார்.

"எது எதுன்னு நான் சொல்லமாட்டேன். எந்த எஞ்சின் நல்லா இருக்குன்னு நீங்க சொல்லுங்க."

முதலாவதைக் கேட்டேன். கனத்த, மொழுமொழுவென்ற ரீங்காரம், அதற்குள் பற்சில்லுகளின் சத்தம். இரண்டாவதிலும் அதே ரீங்காரம், அதே பற்சில்லு. ஆனால் மேலே மெல்லியதாக, தாளிக்கும்போது கடுகு வெடிக்கத் தொடங்குமே, அப்படி ஒரு சின்னச் சத்தம். கேட்டவுடனே மனதுக்கு இதமாக இருந்தது.

"ரெண்டாவது. முதலாவது நித்திரை கொள்ளுது. ரெண்டாவதுதான் உசாரா இழுக்குது."

கார்த்தி சிரிக்கவில்லை. வரிசையை மாற்றி மறுபடி போட்டார். நான் மறுபடி கடுகையே பிடித்தேன். மூன்றாம் தரம் கேட்டபோது, அவர் கேட்கும் விதத்திலேயே எனக்கு ஏதோ உறைக்கத் தொடங்கியது. அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"மூணு தடவையும் நீங்க நாக்கிங்கைத்தான் எடுத்தீங்கண்ணா. பந்தய எரிபொருள்ல அந்தச் சத்தம் சுத்தமா போயிடுச்சு."

கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அவர் கேட்ட கேள்விக்காக இன்றுவரை அவரை மதிக்கிறேன். 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"அண்ணா, இந்தக் காது எங்கிருந்து வந்துதுங்க?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் போரையொட்டிப் பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் நான் கொக்குவிலில் ஒரு கராஜில் மெக்கானிக். பெற்றோல் கண்ணில் காட்டமாட்டார்கள். கார்களையும் மோட்டார்சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மருந்துப் போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் கார்புரேட்டருக்குள் விட்டு இயக்கிக்கொண்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின் மண்ணெண்ணெயில் நொக் பண்ணாமல் இருக்காது. டைமிங்கை அதிகம் பின்னுக்கு எடுத்தால் சத்தம் நிற்கும், ஆனால் எஞ்சின் இழுக்காது, கொதித்துவிடும். ஆகவே அந்தச் சின்னச் சத்தம் தொடங்கும் இடம்வரை கொண்டுபோய் அங்கேயே நிறுத்துவோம். அந்தச் சத்தம் கேட்டால் வண்டி நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் என்று அர்த்தம். ஆறு வருடம், நாளுக்கு நாலைந்து எஞ்சின்.

நோர்வேக்கு வந்த பிறகும் என் கை அந்த இடத்தில்தான் நின்றிருக்கிறது. சாதாரணக் கார்களுக்கு அதனால் பெரிய தீங்கு வரவில்லை, கொஞ்சம் உசாராகவே ஓடின. "உங்கள் ஆளைக் கேட்கச் சொல்லுங்கள்" என்று கூப்பிட்டதும் அதனால்தான். சூப்பர்சார்ஜர் வந்தபோது அதே சத்தம் பிஸ்டனை உடைத்தது. பிளக்கில் இருந்த பளபளப்பான புள்ளிகள் பிஸ்டனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெறித்த அலுமினியம். அதை இரண்டு முறை கண்ணால் பார்த்தும் உடைந்தபோது வந்த தூள் என்று எனக்கு நானே கதை சொல்லியிருந்தேன்.

கார்த்திக்கு ஆவல் தாங்கவில்லை. மண்ணெண்ணெயில் எத்தனை பங்கு என்ன கலந்தீர்கள், பிளக் எத்தனை நாள் தாங்கியது, வால்வுக்கு என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டே போனார். நானும் உற்சாகமாகிவிட்டேன். ஒரு தாளில் கார்புரேட்டர் வரைந்து காட்டினேன். இரண்டு நாட்டுத் தமிழும் ஒரு மணிநேரம் இடிபடாமல் ஓடியது. பிறகு டைமிங்கைப் பின்னுக்கு எடுத்தோம், சூப்பர்சார்ஜர் திணிக்கும் காற்றையும் கொஞ்சம் குறைத்தோம், கடுகுச் சத்தம் போகும்வரை. பலம் பத்தில் ஒரு பங்கு போல குறைந்தது. எஞ்சின் என் காதுக்குச் செத்தது போல இருந்தது. சென்சர் வாயே திறக்கவில்லை.

அந்த ஒரு மணிநேரத்தில் நான் மயூரியை மறந்தே போனேன் என்பதை உங்களிடம் ஒளிக்கமாட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் நினைவு வந்தது. முதல் எஞ்சினை உடைத்தது அவளில்லை. ஒரு கணம் எட்டாயிரத்து முந்நூறுக்குப் போனதற்கு அந்த பிஸ்டன் உடைந்திருக்காது. நான் உடைத்துவைத்திருந்ததைத்தான் அவள் ஓட்டினாள்.

அன்றைக்கே தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. பந்தயத்துக்கு முன் பிள்ளையின் மனதைக் குழப்பக்கூடாது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். எஞ்சின் சரியாகிவிட்டது, இனி உடையாது, மெல்லச் சொல்லலாம், அல்லது சொல்லாமலே விடலாம். இருபது வருடமாகச் சேர்த்த பெயர். மற்ற கராஜ்காரர்கள் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்கள்? நான் கட்டிக்கொடுத்த மற்ற எஞ்சின்களைப் பற்றி முதலாளி என்ன கேட்பார்? இப்படியெல்லாம் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை, ஒஸ்லோவிலிருந்து ஒன்றரை மணிநேரத் தூரத்திலுள்ள பந்தயத்திடலுக்குக் காரைக் கொண்டுபோனோம். நல்ல வெயில். கார்த்தி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மயூரிகிட்ட பேசிட்டீங்களாண்ணா?"

"கதைக்கிறன் கதைக்கிறன்."

பின்னேரம் பயிற்சி ஓட்டம் முடிந்து மயூரி நேரே என்னிடம் வந்தாள். தலைக்கவசத்தை அக்குளில் இடுக்கியிருந்தாள், முகம் வியர்வையில் ஊறியிருந்தது.

"மாமா, எத்தினை சுற்றிலை கியர் மாத்தினா இந்த எஞ்சினுக்கு நல்லம்? உண்மையைச் சொல்லுங்கோ. இதையும் உடைச்சிடுவனோ எண்டு பயமாக் கிடக்கு."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கடவுளே வந்து தந்தாலும் கிடைக்காது. நான் ஒரு துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, "உமக்கு எப்பிடி வசதியோ அப்பிடி ஓட்டும் பிள்ளை" என்றேன்.

சனிக்கிழமை காலை தகுதிகாண் ஓட்டம். பதினெட்டுக் கார்களில் அவள் பதினோராவது. பதிவைப் பார்த்தேன். எங்கும் ஆறாயிரத்து எண்ணூறு. முதலாளி என் பக்கத்தில் நின்று கோப்பியை ஊதிக் குடித்தார்.

"அவளுக்குப் பயம் வந்துவிட்டது" என்றார். "வளைவில் நன்றாகப் போகிறாள். நேர்த்தடத்தில் காலை எடுக்கிறாள். பயத்துக்கு மருந்து இல்லை. அடுத்த வருடத்துக்கு நான் வேறு ஆளைப் பார்க்கப் போகிறேன்."

அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னார். அவள் நாலு மீற்றர் தூரத்தில், காரின் டயரில் சாய்ந்து, தன் பெட்டியிலிருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பந்தயத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. இனி நான் பேசாமல் நின்றால் அவளுடைய ஆசனம் போவது என்னால்தான், இதை யார் தலையிலும் கட்ட முடியாது. முதலாளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"பிள்ளை, ரெண்டு எஞ்சினையும் உடைச்சது நான். நீர் இல்லை" என்றேன். பிறகு அதையே நோர்வேஜிய மொழியில் முதலாளிக்குச் சொன்னேன். கடுகுச் சத்தம், மண்ணெண்ணெய், ஹெட்போன், எல்லாம் கொட்டினேன். படிவத்தில் நான் எழுதியது பொய் என்றேன். கார்த்தி சற்றுத் தள்ளி நின்று தலையைக் குனிந்துகொண்டார்.

மயூரி பாணைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும் மாமா?"

"வியாழக்கிழமை."

அவள் பெட்டியை மூடினாள். பிறகு, "இப்ப எத்தினை மட்டும் போகலாம்?" என்றாள்.

"ஏழாயிரத்து அஞ்சூறு. ஒவ்வொரு கியரிலையும். ஒண்டும் நடக்காது."

அவள் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். முதலாளி என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். அதை நான் இங்கே எழுத முடியாது.

அந்தப் பந்தயத்தில் நான் தடத்தின் ஓரச் சுவரில் நின்றேன். இருபது ரவுண்ட். ஒவ்வொரு முறை அவள் நேர்த்தடத்தில் என்னைக் கடக்கும்போதும் காதைக் கொடுத்தேன், ஒவ்வொரு முறையும் எஞ்சின் சோம்பலாக இருப்பதாகவே பட்டது. நான் கேட்பதை நானே நம்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டு ஒரு எஞ்சினைக் கேட்டது என் வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறை. விசித்திரமான அனுபவம், உங்களுக்கும் ஒருநாள் வாய்க்கட்டும். அவள் கியரை மாற்றும் இடம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. முன்பு விளம்பரப் பலகைக்கு முன்னால் மாற்றுவாள். இப்போது பலகை தாண்டி, வேலி தாண்டி மாற்றினாள். பதினோராவதிலிருந்து தொடங்கி ஐந்தாவதாக வந்தாள். பத்தில் ஒரு பங்கு பலம் குறைந்த எஞ்சினோடு, அந்தக் காரில் அதுவரை யாரும் எடுக்காத குறைந்த நேரத்தில் ஒரு ரவுண்டை முடித்தாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அன்று திறந்து பார்த்தபோது பிளக் நான்கும் சுத்தமாக இருந்தன. அந்த எஞ்சின் பருவம் முழுவதும் தாங்கியது. இரண்டு எஞ்சின்களுக்கும் எழுதியிருந்த படிவங்களை நான் திருத்தி எழுதினேன், முதலாளி அவற்றைக் கராஜ் கூட்டத்தில் எல்லோர் முன்னும் வாசித்தார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. என் மற்ற எஞ்சின்களை எல்லாம் கார்த்தியும் நானும் ஒன்றொன்றாக மறுபடி கேட்டோம், அவர் சென்சரோடு, நான் ஹெட்போனோடு. ஒக்டோபரில் மயூரிக்கு அடுத்த வருட ஆசனமும் உறுதியானது.

அதே வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, அவளுடைய அடுத்த எஞ்சினை வேறு ஆள்தான் கட்ட வேண்டும் என்று அவள் கேட்டிருப்பதாகச் சொன்னார். அவர் சம்மதித்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. பெரிய கோபம். எல்லோர் முன்னாலும் பிழையை ஒத்துக்கொண்டேன், எஞ்சினைத் திருத்திக் கொடுத்தேன், ஆசனமும் கிடைத்தது, இன்னும் என்ன வேண்டும் இந்தப் பிள்ளைக்கு? ஒரு வாரம் வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு மத்தியானம் புருசெத் நிலையத்தில், வேலை முடிந்து சீருடையோடு படியேறி வந்தவளை மறித்தே விட்டேன்.

"ஏன் பிள்ளை? மனுசர் பிழை விடுறதில்லையே?"

"விடுவினம் மாமா" என்றாள். "நானும்தானே கியரைப் பிழையாப் போட்டனான். நீங்கள் ரெண்டு எஞ்சினை உடைச்சதுக்காக இல்லை. அது உங்களுக்குத் தெரியாம நடந்தது."

ஆட்கள் எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"இருநூறிலை வளைவுக்குள்ளை போகேக்கை, இந்த எஞ்சினைப் பற்றித் தெரிஞ்ச எல்லாத்தையும் எனக்குச் சொல்லியிருக்கினம் எண்டு நான் நம்பவேணும். அந்த வெள்ளிக்கிழமை நான் உங்களிட்டைக் கேட்டனான் மாமா. உண்மையைச் சொல்லுங்கோ எண்டுதான் கேட்டனான்."